ஏற்பி எந்தப் பக்கம் இருக்கிறது? வலி, அரிப்பு – வாசகர் கேள்வி பதில்

கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் வலி, அரிப்பு, அவற்றைக் கொண்டுபோகும் உணர்வு நரம்புகள் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏற்பி என்பது, வந்து ஒட்டும் ரசாயனச் செய்தியை வாங்கிக்கொள்ளும், செல்லின் சவ்விலுள்ள புரதம். மருந்தின் அளவுகள் விஷயம் புரிவதற்காகத் தரப்படுகின்றன. எதையும் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது உங்கள் டாக்டரிடம் பேசிய பிறகுதான்.

பிளஸ் டூ மாணவர்களுக்கு விலங்கியல் எடுக்கிறேன். உணர்வு நரம்புச் செல் தண்டுவடத்துக்கு வெளியே இருப்பதாகப் பாடநூல் சொல்கிறது. 'தண்டுவடத்து உணர்வு நரம்புச் செல்களில் நியூரோபெப்டைடு ஏற்பிகள்' என்றும் படிக்கிறேன். எது சரி?
– ஆசிரியை, செங்கோட்டை

இரண்டும் சரிதான் டீச்சர். ஆனால் அவை பேசுவது இரண்டு வேறு செல்களைப் பற்றி.

முதல் செல்லின் உடலம் தண்டுவடத்துக்கு வெளியே, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள துவாரத்தில், பின்வேர் முடிச்சு என்ற நரம்புச் செல் திரளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஒரே இழை இரண்டாகப் பிரிந்து, ஒன்று தோலுக்கும் தசைக்கும் போகிறது, மற்றது தண்டுவடத்தின் பின்பக்கப் பகுதியான பின்கொம்புக்குள் நுழைகிறது. ஸ்வீடன் நாட்டு உடற்கூறியலாளர் ப்ரோர் ரெக்ஸெட் 1952 இல் பூனையின் தண்டுவடத்தைப் பத்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். வலி, சூடு, அரிப்பு ஆகியவற்றைக் கொண்டுவரும் மெல்லிய இழைகள் பெரும்பாலும் முதல் இரண்டு அடுக்குகளில் முடிகின்றன. அங்கே காத்திருக்கும் இரண்டாம் செல்தான் செய்தியை வாங்கி மூளைக்கு அனுப்புகிறது.

பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. நரம்புச் செல் அதைச் செய்தியாகக் கக்கினால் நியூரோபெப்டைடு. சப்ஸ்டன்ஸ் பி என்பதில் 11, சி.ஜி.ஆர்.பி. என்பதில் 37, உடலே தயாரிக்கும் வலிநிவாரணியான என்கெஃபலினில் வெறும் 5. இவை நரம்பு முனையில் உற்பத்தியாவதில்லை. உடலத்தில் உருவாகி, சிறு பைகளில் அடைக்கப்பட்டு, இழை வழியே ஒரு நாளைக்கு சுமார் 400 மி.மீ. வேகத்தில் பயணப்படுகின்றன. இடுப்பு முடிச்சிலிருந்து கால் விரலுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்றால் இரண்டு, மூன்று நாள் பயணம். ஏற்பிகளும் அங்கேயே தயாராகி இரண்டு திசையிலும் போகின்றன. அதனால் முதல் செல்லின் ஒரே ஏற்பி தோலிலும் தண்டுவடத்திலும் தென்படும்.

வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டியது, ஏற்பி இருக்கும் பக்கம். குமுளி மலைப்பாதையில் ஏறும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் செல்லில் இருக்கும் என்.கே.1 ஏற்பி ஆக்சிலரேட்டர். முதல் செல் கக்கும் சப்ஸ்டன்ஸ் பி அதை மிதிக்கிறது. முதல் செல்லின் முனையிலேயே இருக்கும் மியூ ஓபியாய்டு ஏற்பி பிரேக். என்கெஃபலின் அதில் ஒட்டினால் கால்சியம் வரும் வாயில்கள் மூடிக்கொள்கின்றன, கால்சியம் உள்ளே வராமல் பைகள் உடையாது. நியூரோபெப்டைடு ஒய், சோமட்டோஸ்டேட்டின் ஆகியவற்றுக்கும் முதல் செல்லில் இப்படிப்பட்ட பிரேக் ஏற்பிகள் உண்டு.

எல்லாமே சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்து, ஜி-புரதம் என்ற உள் புரதம் மூலம் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரத ஏற்பிகள்தான். வடிவம் ஒன்றாக இருந்தாலும், உள்ளே எந்த ஜி-புரதத்தோடு இணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று தூண்டும், இன்னொன்று அடக்கும். மாணவர்களுக்குப் பிடிக்கும் ஒரு தகவலும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலியின் பாதத்தில் மிளகாய்ச் சத்தான கேப்சைசினை ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் முதல் அடுக்குச் செல்களின் என்.கே.1 ஏற்பிகள் சவ்விலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன, ஒரு மணி நேரத்தில் திரும்ப மேலே வருகின்றன. 1995 இல் வெளியான இந்த ஆய்வால்தான் ஒரு செல் வலிச் செய்தி வாங்கியதா என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். எல்லைக்கு அப்பால் ஒரு பாலியேட்டிவ் (வலி தணிப்பு) யூனிட்டில் மார்ஃபின் மாத்திரை தருகிறார்கள். வயிற்று வலி அடங்கிவிட்டது. காலில் கரண்ட் அடிப்பதுபோல் இழுக்கும் வலி மட்டும் போகவில்லை. மாத்திரையைக் கூட்டினால் அடிமையாகிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
– ஏலத்தோட்டத் தொழிலாளி, கம்பம்

இரண்டு வலியும் ஒரே மாத்திரைக்கு ஒரே மாதிரி அடங்காததற்குக் காரணம் இருக்கிறது. வயிற்று வலியில் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கட்டி அதைத் தூண்டுகிறது. அந்த நரம்பின் தண்டுவட முனையில் மியூ ஏற்பிகள் நிறைய இருப்பதால் மார்ஃபின் பிடிக்கிறது. காலுக்குப் போகும் நரம்பைக் கட்டி அழுத்தி நசுக்கியிருந்தால் நிலைமை வேறு. நரம்பை வெட்டிய, நசுக்கிய எலிகளில் முதல் செல்லின் மியூ ஏற்பிகள் குறைகின்றன. மார்ஃபினுக்கு எதிராக வேலை செய்யும் கோலிசிஸ்டோகைனின் என்ற பெப்டைடின் கை அங்கே ஓங்குகிறது. மாத்திரை அதேதான், அது பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் குறைந்துவிட்டது.

ஆகவே மார்ஃபினை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நல்ல வழியல்ல. 'கரண்ட் அடிப்பது, எரிவது, மரத்துப்போவது' என்ற வார்த்தைகளை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். சும்மா 'கால் வலி' என்றால் அவருக்கு இது தெரியாமல் போகும். வழக்கமாக இரவில் அமிட்ரிப்டிலின் 10 அல்லது 25 மி.கி. சேர்ப்பார்கள், அல்லது கபாபென்டின், ப்ரெகாபலின். பின்னவை இரண்டும் பெப்டைடு ஏற்பியைத் தொடுவதில்லை, கால்சியம் வாயிலின் ஒரு துணைப்பகுதியில் ஒட்டி முனையில் கக்குவதைக் குறைக்கின்றன. நாலைந்து நாள் தூக்கக் கலக்கம் இருக்கும். அம்மா இரவில் எழுந்தால் தனியே நடக்க விடாதீர்கள்.

இனி மார்ஃபினைக் கொடுக்கும் முறை. சாதாரண மாத்திரை அரை மணியில் வேலை தொடங்கி சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். எனவே நான்கு மணிக்கொரு தடவை, வலி வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருப்பதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. அதனால் கடைசியில் அதிக மருந்துதான் செலவாகும். நடுராத்திரி வேளையைத் தவிர்க்க, படுக்கும்போது இரட்டை அளவு தரும் வழக்கம் உண்டு. உங்கள் யூனிட் அப்படிச் சொல்லியிருந்தால் மட்டும் செய்யுங்கள். இடையில் வலி பொத்துக்கொண்டு வந்தால் தரும் கூடுதல் வேளை, ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு.

மலச்சிக்கல் மாத்திரையை முதல் நாளிலிருந்தே கொடுங்கள். குடலிலும் மியூ ஏற்பி உண்டு. வாந்தியும் கலக்கமும் சில நாளில் பழகிவிடும், குடல் மட்டும் பழகாது. வாழைப்பழத்தால் ஆகாது, பிசக்கோடில் போன்ற மருந்தே வேண்டும். சிறுநீர் குறைந்து, அதிகத் தூக்கமும் கைகால் சட்டென்று வெட்டி இழுப்பதும் சேர்ந்து வந்தால் உடனே போன் செய்யுங்கள். கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்திருக்கலாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய மார்ஃபின் கழிவு உடம்பில் தங்கும்போது இந்த அறிகுறிகள்தான் வரும்.

அடிமையாவது பற்றி: உடல் மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. போதைக்காக ஏங்குவது வேறு. புற்றுநோய் வலிக்கு முறையாகக் கொடுக்கும்போது அந்தப் பயத்தால் வலியைத் தாங்கச் சொல்வது கொடுமை. கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், 2008 இல் மாநிலக் கொள்கையாகவே மாறி வீடு தேடி வருகிறது. 2014 இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டபின் அங்கீகரித்த மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பது மற்ற மாநிலங்களிலும் எளிதாகியிருக்கிறது. உங்கள் பக்கத்து ஊர்ப் பெரிய மருத்துவமனையிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், அம்மாவை ஜீப்பில் மலையேற்றும் பாடு மிச்சமாகலாம். எல்லை கடக்கும்போது மருந்துச் சீட்டும் நோயாளி அட்டையும் கையில் இருக்கட்டும்.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். வலியே தெரியவில்லை. ஆனால் நாலு மணி நேரம் கழித்து மூக்கும் முகமும் ஓயாத அரிப்பு. அவில் ஊசி போட்டும் நிற்கவில்லை, தூக்கம்தான் வந்தது. எனக்கு அந்த மருந்து அலர்ஜியா?
– இளம் தாய், களியக்காவிளை

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அலர்ஜி போலத் தெரியவில்லை. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சில் விசில் சத்தம் இருந்திருந்தால்தான் அந்தச் சந்தேகம்.

மரத்துப்போகும் மருந்தோடு மிகச் சிறிதளவு மார்ஃபினும் தண்டுவட நீரில் கலந்து போடுவது வழக்கம். 0.1 அல்லது 0.15 மி.கி. போதும். ரத்தக் குழாய் வழியே கொடுப்பதென்றால் பல மி.கி. தேவைப்படும். ஏற்பிகள் இருக்கும் இடத்திலேயே மருந்தை வைப்பதால்தான் இவ்வளவு குறைவு. மார்ஃபின் நீரில் கரையும், கொழுப்பில் சட்டென்று இறங்காது. ஆகவே அந்த நீரிலேயே மெல்ல மேலே ஏறி, முகத்தின் உணர்வு நரம்பு முடியும் மூளைத்தண்டு வரை போகிறது. முதுகில் போட்ட ஊசிக்கு மூக்கு அரிப்பது இதனால்தான்.

வலியை அடக்கும் மருந்து அரிப்பை ஏன் கிளப்ப வேண்டும்? பின்கொம்பில் அரிப்புச் செய்தியை அடக்கி வைத்திருக்கும் சில செல்கள் உண்டு, அவற்றிலும் மியூ ஏற்பி இருக்கிறது. மார்ஃபின் அந்தக் காவல் செல்களையும் உறங்க வைத்துவிடுகிறது என்று 2021 இல் வந்த எலி ஆய்வுகள் காட்டின. அரிப்புக்கென்றே தண்டுவடத்தில் ஜி.ஆர்.பி. என்ற பெப்டைடின் ஏற்பி இருப்பது 2007 இல் தெரியவந்தது. அது இல்லாத எலிகள் சொறிவது குறைந்தது, வலி உணர்வு மாறவில்லை.

இதில் அலர்ஜி அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினுக்குப் பெரிய வேலை இல்லை, அதனால் ஹிஸ்டமினை அடக்கும் அவில் கேட்காது. அது கொடுத்த தூக்கம் மார்ஃபினின் தூக்கத்தோடு சேர்வதும் நல்லதல்ல. மியூ ஏற்பியில் மார்ஃபினுக்கு எதிராக வேலை செய்யும் நால்பஃபின் 2.5 முதல் 5 மி.கி. அல்லது மிகக் குறைந்த அளவு நாலாக்சோன் கேட்கும். ஒரு நாளில் அரிப்பு தானாகவும் அடங்கும். அடுத்த பிரசவத்தில் மயக்க டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அளவைக் குறைப்பார். முதல் 24 மணி நேரம் உடனிருப்பவர் பார்க்க வேண்டியது மூச்சைத்தான். நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ, தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

சப்ஸ்டன்ஸ் பி வலியைக் கடத்துகிறது என்றால் அதன் ஏற்பியை அடைத்துவிட்டால் போயிற்றே. ஏன் அப்படி ஒரு வலி மாத்திரை கடைக்கு வரவில்லை?
– மருந்தாளுநர், நாகர்கோவில்

உங்கள் அலமாரியிலேயே அது இருக்கலாம், வேறு வேலைக்கு. 2003 இல் அனுமதி பெற்ற அப்ரெபிடன்ட் என்.கே.1 ஏற்பியை அடைப்பதுதான். கீமோதெரபி வாந்திக்கு முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரண்டு நாளும் 80 மி.கி. வாந்தியைத் தூண்டும் மூளைப் பகுதியில் அது அருமையாக வேலை செய்கிறது. வலிக்கு மனிதர்களிடம் சோதித்த இந்த வகை மருந்துகளோ தோற்றன.

வலிச் செய்தியின் வேகமான பகுதியைக் கொண்டுபோவது குளுட்டமேட் என்ற வேறொரு நரம்பு ரசாயனம். பெப்டைடு, நரம்பு படபடவென்று தொடர்ந்து சுடும்போதுதான் வெளியே வருகிறது, செய்தியின் ஒலியைக் கூட்டுகிறது. சப்ஸ்டன்ஸ் பி-யை அடைத்தாலும் குளுட்டமேட்டும் சி.ஜி.ஆர்.பி.யும் மிச்சம் இருக்கின்றன. 1997 இல் ஒரு குழு வேறு வழியில் போனது. சப்ஸ்டன்ஸ் பி-யோடு சப்போரின் என்ற தாவர நஞ்சைக் கட்டி எலியின் தண்டுவட நீரில் விட்டது. ஏற்பி அதை உள்ளே இழுத்துக்கொண்டது, செல்லே செத்தது, மிகைவலியும் வெகுவாகக் குறைந்தது. ஏற்பி முக்கியமில்லை என்பதல்ல, அது இருக்கும் செல் ஏற்பியைவிட முக்கியம். ஆக்சிலரேட்டர்கள் பல இருக்கும்போது ஒன்றை அடைப்பதைவிட பிரேக்கை மிதிப்பது பலன் தருகிறது, எங்கள் கணிப்பு இது.

அப்பாவுக்கு மார்பில் அக்கி வந்து ஆறிவிட்டது. நாலு மாதமாக எரிச்சல். மிளகாய்ச் சத்து க்ரீம் எழுதித் தந்திருக்கிறார்கள். தடவினால் தீயாய் எரிகிறது என்று தூக்கிப் போட்டுவிட்டார்.
– வாசகர், மீனாட்சிபுரம்

எரியத்தான் செய்யும். கேப்சைசின் ஒட்டுவது பெப்டைடு ஏற்பியில் அல்ல, 43 டிகிரி சூட்டில் திறக்கும் டி.ஆர்.பி.வி.1 என்ற வாயிலில். டேவிட் ஜூலியஸ் 1997 இல் அதைக் கண்டறிந்தார், 2021 இல் நோபல் பரிசு பெற்றார். வாயில் திறந்ததும் நரம்பு முனை சப்ஸ்டன்ஸ் பி-யைக் கொட்டும். திரும்பத் திரும்பத் தடவினால் கால்சியம் நிறைந்து தோலிலுள்ள முனைகள் பின்வாங்கிவிடும். சரக்கு தீர்ந்துபோவதால் வலி குறைகிறது என்ற பழைய விளக்கம் பாதி உண்மைதான். முனைகள் மறுபடி வளரும், அதனால் விட்டு விட்டுத் தடவினால் ஒவ்வொரு தடவையும் முதல் நாள் எரிச்சல்தான்.

0.025 அல்லது 0.075 சதவீத க்ரீமை நாளைக்கு மூன்று, நான்கு தடவை, மெல்லிய பூச்சாக, இரண்டு முதல் ஆறு வாரம் இடைவிடாமல் தடவ வேண்டும். முதல் வாரம் தாங்க முடியாவிட்டால் லிடோகெய்ன் களிம்பை முன்னதாகப் பூசிக்கொள்ள டாக்டரிடம் கேளுங்கள். வெந்நீர்க் குளியலுக்கு முன்னும் பின்னும் வேண்டாம், வேர்வை கொட்டும் நேரத்திலும் வேண்டாம். கையுறை போடுங்கள். கையில் பட்டுவிட்டால் தண்ணீர் மட்டும் விட்டால் போகாது. தேங்காயெண்ணெயால் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள். புண், கொப்புளத்தின் மேல் ஒருபோதும் கூடாது. வீட்டு மிளகாய்த் தூளை எண்ணெயில் குழைத்துத் தடவும் யோசனை சொல்வார்கள். அதில் சத்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, தோல் வெந்துவிடும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அக்கி கண்டதும் குயவர் வீட்டில் காவி எழுதிக்கொள்வதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கியாக வேண்டும். எழுதி முடித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மைக்ரேனுக்கு மாதம் ஒரு ஊசி என்கிறார்களே, அதுவும் இந்த வகைதானா?
– கல்லூரி ஊழியர், குழித்துறை

ஆம், 2018 இல் வந்த எரெனுமாப் சி.ஜி.ஆர்.பி. ஏற்பியை மூடும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி). மாதம் 70 அல்லது 140 மி.கி. தோலுக்கடியில். முகத்து உணர்வு நரம்பின் முடிச்சு மூளையின் காப்புச் சுவருக்கு வெளியே இருப்பதால் இவ்வளவு பெரிய மூலக்கூறுக்கும் அங்கே வழி கிடைக்கிறது. வலி வருவதைக் குறைக்கும், வந்த தலைவலியை நிறுத்தாது. மலச்சிக்கல் வரலாம்.

எம்.எஸ்ஸி. திட்டப்பணிக்காக எலியின் பின்வேர் முடிச்சில் என்.கே.1 ஏற்பியைச் சாயமிட்டேன். எல்லாச் செல்லும் ஒளிர்கிறது. நல்ல முடிவுதானே?
– மாணவி, திருவனந்தபுரம்

எல்லாம் ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். என்.கே.1 முக்கியமாக இருப்பது தண்டுவடத்து இரண்டாம் செல்லில். அதே கண்ணாடித் தட்டில் தண்டுவடத் துண்டு ஒன்றையும் வையுங்கள். முதல் அடுக்குச் செல்களின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரிந்தால் ஏற்பியைத் தேடிச் சாயமிடும் எதிர்ப்புப் புரதம் வேலை செய்கிறது. அங்கே தெரியாமல் முடிச்சில் மட்டும் ஒளிர்ந்தால் அது பொய் ஒளி.

விலங்கு நெறிக் குழு அனுமதி வாங்கியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். முறையைச் சரிபாருங்கள். உப்புநீரால் ரத்தத்தைக் கழுவி, 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கலில் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, பி.எச். 7.4. முடிச்சுக்குப் பின்நிலைப்படுத்தல் (வெட்டியெடுத்தபின் அதே கரைசலில் ஊறவைப்பது) இரண்டு மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் ஏற்பியின் அடையாளப் பகுதி மறைந்துவிடும், அப்புறம் செறிவைக் கூட்டி அடிப்பீர்கள், பின்னணி ஏறும். 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் துண்டு அடியில் மூழ்கும்வரை வையுங்கள், மூழ்குமுன் உறையவைத்தால் பனிப்படிகம் ஓட்டை போடும். உறைந்த திசுவைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் முடிச்சு 12 முதல் 14 மைக்ரான், தண்டுவடம் 20 முதல் 30. தடுப்புக் கரைசலில் இரண்டாம் எதிர்ப்புப் புரதம் (முதல் புரதத்தில் ஒட்டி ஒளிர்வது) எந்த விலங்கில் தயாரானதோ அதன் சீரம் 5 முதல் 10 சதவீதம், டிரைட்டான் 0.3 சதவீதம், ஒரு மணி நேரம். முதல் எதிர்ப்புப் புரதம் 4 டிகிரியில் இரவு முழுக்க. 1:200, 1:500, 1:1000, 1:2000 என்று நான்கு நீர்ப்பும் போட்டுப் பார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பொய் ஒளி வரும் இடங்கள் பல. வயதான எலியின் பெரிய செல்களில் லிபோஃபுசின் நிறமி தானே ஒளிரும். சாயமே இடாத துண்டில், எல்லா வடிகட்டியிலும் ஒரே புள்ளிகள் தெரிந்தால் அதுதான். செல்லைச் சுற்றி வளையம் மட்டும் ஒளிர்ந்தால் அது துணைச் செல்லாக இருக்கலாம். ஜி-புரத ஏற்பிகளுக்கான எதிர்ப்புப் புரதங்களின் பெயர் ஏற்கெனவே கெட்டிருக்கிறது, ஏற்பியே இல்லாத எலியிலும் ஒளிர்ந்தவை உண்டு. முதல் புரதத்தை விட்டுவிட்டுச் செய்யும் சோதனை இரண்டாம் புரதத்தை மட்டுமே சோதிக்கும். பெப்டைடால் உறிஞ்சவைக்கும் சோதனையும் போதாது, தவறான இடத்தில் ஒட்டுவதும் அதே பெப்டைடால் அடங்கிவிடும். ஏற்பி நீக்கிய எலியின் திசு கிடைத்தால் உத்தமம், இல்லையென்றால் ஆர்.என்.ஏ.வைத் தேடும் முறையால் உறுதிசெய்யுங்கள்.

எண்ணும்போது உட்கரு தெரியும் செல்லை மட்டும் எண்ணுங்கள். பெரிய செல் 50 மைக்ரான் வரை இருப்பதால், 12 மைக்ரான் துண்டில் குறைந்தது ஐந்துக்கு ஒன்றை எடுத்தால்தான் ஒரே செல்லை இருமுறை எண்ணாமல் இருப்பீர்கள். செலவைக் குறைக்கக் கசாப்புக் கடையில் ஆட்டின் முடிச்சு வாங்கலாமா என்று கேட்டு இன்னொரு மாணவர் எழுதியிருக்கிறார். உடற்கூறியல் கற்க அது நல்லது. சாயமிட வேண்டுமென்றால் ஆட்டில் தயாரான முதல் எதிர்ப்புப் புரதத்தை எடுக்காதீர்கள். ஆட்டுக்கு எதிரான இரண்டாம் புரதம் திசுவிலுள்ள ஆட்டு இம்யூனோகுளோபுலினிலேயே ஒட்டி எல்லாவற்றையும் ஒளிர வைக்கும்.

பிரஷருக்கு எனாலாப்ரில் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து தொண்டையில் வறட்டு இருமல். ஏலக்காய்த் தூசியா, மாத்திரையா?
– கடை உரிமையாளர், போடி

மாத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். எனாலாப்ரில் அடக்கும் நொதிதான் பிராடிகைனின் என்ற பெப்டைடையும் சப்ஸ்டன்ஸ் பி-யையும் சிதைக்கிறது. சிதையாமல் தேங்கியவை மூச்சுக்குழாயின் உணர்வு நரம்பைச் சீண்டுகின்றன. இருமல் மருந்து வாங்கிக் காசைக் கரைக்காமல், லோசார்ட்டன் அல்லது டெல்மிசார்ட்டனுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாற்றியபின் ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்க வேண்டும். அதற்கு மேலும் இருமினால் தூசியைப் பற்றி யோசிக்கலாம், சளிப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் எடுத்துப் பார்த்துவிடலாம்.